ஜோடி கட்டுதல்

நண்பனைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பள்ளிப் பருவத்திலிருந்தே நமக்குப் போதித்திருக்கிறார்கள். எதிரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று யாரும் போதித்ததில்லை. எதிரி என்பவன் தானாக வந்து வாய்ப்பவன் என்றே நாமும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது தவறு. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குவதுபோல, உலகில் எத்தனையோ எதிரிகள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்படுகிறார்கள். இதை நான் கற்றது புத்தகத்தில் அன்று. ஒக்கலிபுரத்தில், ஒரு கேரம் பலகையின் அருகில்.

சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 2024-ஆம் ஆண்டு எம்.எஸ்ஸி. இரசாயனம் படிக்கப் பெங்களூர் வந்தேன். தங்குவதற்கு இடம் தேடும் சிரமம் இல்லை. என் தாய்மாமன் ஒக்கலிபுரத்தில் குடியிருக்கிறார். இளமையில் மில் வேலைக்கென்று இங்கே வந்தவர். மில் மூடிய பிறகு ஆட்டோ ஓட்டுகிறார். இரயில் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள் தாளம் போடும். அந்தத் தாளத்துக்கு நடுவில்தான் என் படிப்பு.

எங்கள் சந்து முனையில், தெருவிளக்கின் கீழ், இரவு எட்டு மணிக்குமேல் ஒரு கேரம் பலகை விரியும். வந்த மூன்றாம் மாதமே நான் அதில் முடிசூடா மன்னனாகிவிட்டேன். நண்பர்கள் சிரிக்கக் கூடாது. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு, வகுப்பில் கன்னடமும் புரியாமல் ஆங்கிலமும் முழுதும் வசப்படாமல் விழித்துக்கொண்டிருப்பவனுக்கு, நான்கடிப் பலகையில் கிடைக்கும் மரியாதை சாதாரணமானது அன்று. "காலேஜ் அண்ணன் வராரு, இடம் விடுங்கடா" என்று சிறுவர்கள் விலகும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும்.

அந்த நிமிர்ச்சிக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது. சந்தில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரின் மகன், பத்தாம் வகுப்பு மாணவன், ஒரு நாள் தனியாக நின்று காய் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த காயை எதிர்ப்பக்கச் சட்டத்தில் அடித்துத் திருப்பி, மெல்லக் குழியில் இறக்கினான். தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் இறக்கினான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அண்ணா, ஒரு ஆட்டம் போடலாமா?" என்றான்.

"பரீட்சை முடியட்டும் தம்பி" என்றேன். பரீட்சை முடிந்தது. "வெளிச்சம் போதாது" என்றேன். விளக்கு மாற்றினார்கள். "பவுடர் ஈரமாயிருக்கிறது" என்றேன். இப்படியே பல மாதங்கள் ஓடின. இடையில் நான் ஆடாமல் இருந்தேனா? இல்லை. மளிகைக்கடை அண்ணாச்சியோடு ஆடினேன், கண் சரியாகத் தெரியாத பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு ஆடினேன், வென்றுகொண்டே இருந்தேன்.

இந்த நிலையில்தான் 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், மாமாவின் மகன் கைப்பேசியில் ஒரு சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குத்து, உதை, மற்பிடி யாவும் கலந்த எம்.எம்.ஏ. என்னும் சண்டை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அப்போது சனிக்கிழமை நள்ளிரவு. யு.எஃப்.சி. கம்பெனியின் கனத்த எடைப் பட்டத்தை வைத்திருந்த ஜான் ஜோன்ஸ், ஸ்டீப்பே மியோசிச் என்பவரோடு மோதினார். ஜோன்ஸுக்கு வயது 37, மியோசிச்சுக்கு 42. மியோசிச் முன்னாள் சாம்பியன்தான். ஆனால் 2021 மார்ச்சில் தோற்றபின் கோதாவில் இறங்காதவர். மூன்றாம் சுற்றில் ஜோன்ஸ் சுழன்று விட்ட ஓர் உதையில் ஆட்டம் முடிந்தது.

மாமா பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "இதிலே என்ன இருக்கு? அந்தப் பெரியவரை அடிச்சதுக்கா இத்தனை கூச்சல்?" என்றார். அவர் மகன் விளக்கினான்: டாம் ஆஸ்பினால் என்று ஓர் ஆங்கிலேயர் இருக்கிறார், 2023 நவம்பரிலிருந்து அவரும் இடைக்காலச் சாம்பியன், யாரேனும் ஒருவருக்கு உடம்பு முடியாமற் போனால் இறங்குவதற்காக இந்தச் சண்டைக்கு மாற்று ஆளாகவும் வைக்கப்பட்டிருந்தார். மாமா வாய் கொப்பளித்துவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப அந்த நிக்கிற பையனோட ஏன் மோதல?"

கேள்வி ஜோன்ஸைப் பற்றியது. பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்தவன் நான்.

அன்று முதல் இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தேன். குத்துச்சண்டை உலகில் பட்டம் வழங்கும் பெரிய அமைப்புகள் நான்கு உண்டு. அவை ஒரு சாம்பியனுக்குக் 'கட்டாய எதிரி' இன்னார் என்று குறிக்கும். அவனோடு மோதாவிட்டால் பட்டம் பறிபோகலாம். யு.எஃப்.சி.யில் கதை வேறு. பட்டமும் கம்பெனியுடையது, பந்தயமும் கம்பெனியுடையது. எவருக்கு எவர் என்று பொருத்தம் பார்ப்பதற்கே அங்கே உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். 2013 முதல் பத்திரிகைத் துறையினர் வாக்களித்து வீரர்களின் வரிசை ஒன்றும் வெளியாகிறது. ஆயினும் அந்த வரிசை கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. புதிதாகச் சேர்ந்தவரிடம் ஒரு பெயரைச் சொல்வார்கள். அவர் பெரும்பாலும் தலையாட்டுவார். பெயர் பெற்றவரிடமோ பேச்சு வார்த்தை நடத்த வேண்டும். கூட்டம் அவருக்காகத்தானே வருகிறது?

பெயர் பெற்றவர் போடும் கணக்கு நம் மளிகைக்கடைக் கணக்கைப் போன்றதே. வென்றால் என்ன வரவு, தோற்றால் என்ன செலவு? பெயரில்லாத பலசாலியை வென்றால் வரவு குறைவு. தோற்றால் செலவு மிகுதி. பெயருள்ள முதியவரை வென்றால் வரவு மிகுதி. தோற்கும் அபாயமும் குறைவு. வேறு தொழில்காரரோடு மோதுவது இன்னும் இலாபகரமானது. 2017 ஆகஸ்ட் 26-இல் எம்.எம்.ஏ. நட்சத்திரமான கானர் மக்கிரெகர், லாஸ் வேகாஸில் ஃபிளாய்டு மேவெதரோடு குத்துச்சண்டை ஆடி, பத்தாம் சுற்றில் தோற்றார். தோல்வி அவருக்கு இழுக்காகவில்லை. தச்சன் கொல்லன் உலையில் தோற்றால் தச்சு வேலைக்கு என்ன குறை?

எதிர்முனையில் நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துப் புதானா ஊர்ப் பெண் பூஜா தோமர், 2024 ஜூன் 8-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் முதல் யு.எஃப்.சி. சண்டையில் இறங்கினார். எதிரி பிரேசில் நாட்டவர். மூன்று நடுவர்களில் இருவர் பூஜாவுக்கும் ஒருவர் எதிரிக்குமாகத் தீர்ப்பளித்தனர். யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு அமைந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இலண்டனில் தோற்றார். வாசலில் நிற்பவர் பந்தியில் இடம் பொறுக்க முடியுமா? கிடைத்த இலையில் உட்கார வேண்டியதுதான்.

பொறுக்கும் உரிமை சில வேளை பெரும் அநீதியாகவும் முடிந்திருக்கிறது. 1882-இல் கனத்த எடைச் சாம்பியனான ஜான் எல். சல்லிவன், கறுப்பு வீரர்களோடு மோதுவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தவர். அவ்வழியைப் பின்னால் வந்தவர்களும் பின்பற்றினர். அந்தச் சுவரை உடைத்து 1908-இல் சிட்னியில் பட்டம் வென்றார் ஜாக் ஜான்சன். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சாம் லாங்ஃபர்டு என்னும் கறுப்பு வீரருக்குப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பை ஜான்சன் ஒருநாளும் கொடுக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றவன் உள்ளே போனதும் செய்த வேலை, தாழ் போட்டதுதான்.

நம் நாட்டுக் காமா பயில்வானும் வெளியே நிற்க வைக்கப்பட்டவரே. 1910-இல் இலண்டன் போனபோது, ஆள் குள்ளம் என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். அவர் சவால் விட்டார். அமெரிக்கரான ரோலரை வீழ்த்தினார். செப்டம்பர் 10-இல் போலந்து வீரர் ஸிபிஸ்கோவோடு மோதினார். ஸிபிஸ்கோ தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுத்துவிட்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் புரட்ட முடியவில்லை. செப்டம்பர் 17-இல் மறு மோதல் என்று முடிவாயிற்று. அன்று ஸிபிஸ்கோ வரவில்லை. ஜான் புல் பட்டயம் காமாவுக்குக் கிடைத்தது. அந்நாளில் உலகப் புகழ் பெற்றிருந்த ஃபிராங்க் காட்ச், ஹாக்கன்ஷ்மிட் ஆகிய இருவரும் காமாவோடு மோதியதே இல்லை. ஸிபிஸ்கோவோ 1928-இல் பட்டியாலாவுக்கு வந்தார். ஒரு நிமிடம் முடிவதற்குள் தோற்றார். எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. பதினெட்டு ஆண்டு தாமதமானாலும் வந்தார் அல்லவா?

இத்தனையும் படித்தபின் ஜோன்ஸை ஏளனம் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. 2011 மார்ச்சில், மாற்று ஆளாக வந்து, ஷோகன் ருவாவை வீழ்த்திப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 23. யு.எஃப்.சி. வரலாற்றில் அவ்வளவு இளவயதில் அதற்குமுன் யாரும் சாம்பியன் ஆனதில்லை. அதே ஆண்டிலேயே ஜாக்சன், மச்சிடா என்னும் இரு முன்னாள் சாம்பியன்களையும் வென்றார். அப்போது அவர் யாரையும் பொறுக்கவில்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாத வயதில் எல்லோரும் வீரர்களே. இழப்பதற்கு ஒன்று சேர்ந்தபிறகுதான் கை கணக்குப் போடத் தொடங்குகிறது. 2025 ஜூனில் ஜோன்ஸ் ஓய்வு பெறுகிறார் என்ற அறிவிப்பு வந்தது. ஆஸ்பினாலோடு மோதாமலே பட்டம் கைமாறியது.

எனக்கும் வயது 23. என்னிடம் இழப்பதற்கு என்ன இருந்தது? ஒரு தெருவிளக்கு வெளிச்சம்!

கேரமோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சென்ற பருவத்தின் தொடக்கத்தில் என் பேராசிரியர் ஆய்வுத் திட்டத்துக்கு இரண்டு தலைப்புகள் கொடுத்தார். ஒன்று, முன்னவர்கள் செம்பிலும் நிக்கலிலும் செய்து முடித்த கூட்டுப்பொருள்களைத் துத்தநாகத்தில் செய்வது. சமையற் குறிப்பு கையில் இருக்கிறது, முடிவு நிச்சயம், மதிப்பெண்ணும் நிச்சயம். மற்றொன்று பெல்லந்தூர் ஏரியின் நுரை. அந்த ஏரி நுரை கக்கிச் சாலையில் பறந்ததையும், 2015-இலும் 2017-இலும் தீப்பற்றியதையும் நண்பர்கள் அறிவார்கள். வீட்டுச் சாக்கடையோடு வரும் சலவைப் பொருள்கள் ஏரியடிச் சேற்றில் தங்கி, மழைக்குப்பின் கிளம்பி, மதகில் விழும் வேகத்தில் நுரைக்கின்றன. அந்தச் சேற்றில் எவ்வளவு தங்குகிறது, மழைக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்று அளக்க வேண்டும். ஒரு நாள் எடுத்த சேறு மறுநாள் எடுத்ததுபோல் இருக்காது. சில மாதங்களில் ஒன்றும் தேறாமலே போகலாம். "யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

நான் என்ன யோசித்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அப்பா மரவள்ளி பயிரிடுகிறவர். கிழங்கு விலை விழும் ஆண்டில் வீட்டில் பேச்சும் விழுந்துவிடும். என் படிப்புக்காக வங்கியில் கடன் இருக்கிறது. குடும்பத்தில் கல்லூரி மிதித்த முதல் ஆள் நான். நுரையோடு மல்லுக்கு நின்று வெறுங்கையோடு வீடு திரும்ப எனக்கு உரிமை உண்டா? துத்தநாகம் என்று மனத்தில் எழுதிவிட்டேன். வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார் என்று எனக்கு நானே வக்காலத்தும் வாங்கிக்கொண்டேன். முயலையும் யானையையும் வைத்து அவரே 'படைச்செருக்கி'ல் சொன்னது அப்போது வசதியாக மறந்துபோயிற்று.

2025 தசராவுக்கு முன் மாமா மைசூருக்கு ஒரு சவாரி போனார். என்னையும் அழைத்துப் போனார். மில்லில் இருந்த காலத்தில் அவருக்குக் 'கரடி மனை'ப் பழக்கம் உண்டு. பயப்பட வேண்டாம், கன்னடத்தில் அது மற்போர் பயிலும் கூடம். முதன் முதலில் அவர் அப்படிச் சொன்னபோது நான் மிருகக்காட்சிசாலை என்றுதான் நினைத்தேன். தொட்டகெரே மைதானத்தில் தேவராஜ் அரசு அரங்கில், தசராக் குஸ்திக்கு 'ஜோடி கட்டும்' நிகழ்ச்சி. பல ஊர்ப் பயில்வான்கள் வந்து நிற்கிறார்கள். பெரியவர்கள் எடை கேட்கிறார்கள், வயது கேட்கிறார்கள், எங்கே பழகினாய், எத்தனை குஸ்தி பிடித்தாய் என்று கேட்கிறார்கள். இருவரை அருகருகே நிறுத்தித் தோளையும் தொடையையும் கண்ணால் அளக்கிறார்கள். இருவரும் கை குலுக்கினால் ஜோடி முடிந்தது, பெயர் எழுதப்படுகிறது. எல்லாம் ஊர் பார்க்க, பகல் வெளிச்சத்தில்.

வாட்டசாட்டமான ஓர் இளைஞன், தன்னைவிடச் சற்று இளைத்தவன் பக்கமே போய்ப் போய் நின்றான். நரைத்த மீசைக்காரர் ஒருவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. மெல்ல நடத்திக்கொண்டு போய் இன்னொரு வாட்டசாட்டமானவன் எதிரில் நிறுத்தி, "நின்ன ஜோடி இல்லித்தானெ" என்றார். 'உன் ஜோடி இங்கே இருக்கிறான்' என்பது பொருள். இளைஞன் ஒரு கணம் தரையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. எருதுக்கு ஜோடி என்கிறோம், செருப்புக்கு ஜோடி என்கிறோம், மணமக்களை ஜோடி என்கிறோம். மல்லனுக்கு எதிரே நிற்பவனையும் இவர்கள் ஜோடி என்கிறார்கள்! ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது என்பதுதானே அதன் பொருள்? தன் அளவுக்கு ஒத்தவனிடமிருந்து ஓடுகிறவன் ஒற்றைச் செருப்பாகவே நின்றுவிடுகிறான். வலியறிவது வேறு, வலி அறியாமலே விலகுவது வேறு. எழுபது கிலோக்காரனை நூறு கிலோக்காரனோடு அந்தப் பெரியவர்கள் நிறுத்தவில்லை. அது வீரமன்று, மடமை. ஆனால் ஒத்த எடையிருந்தும் ஒதுங்குகிறவனை அவர்கள் விடவும் இல்லை. நட்சத்திரங்களுக்குக் குறை வீரம் அன்று. மணிக்கட்டைப் பிடித்து நடத்திப் போக ஒரு நரைத்த மீசை இல்லாததுதான் குறை.

திரும்பும் வழியில் மாமாவிடம் இரு தலைப்புகளையும் சொன்னேன். மத்தூரில் வண்டியை நிறுத்தி வடை வாங்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "மாப்பிள்ளை, அந்தத் துத்தநாகத்தைச் செஞ்சா என்ன புதுசா தெரியும்?" என்றார்.

"ஒன்றும் தெரியாது மாமா. வரும் என்பது இப்போதே தெரியும்."

"அப்ப அதுக்கு எதுக்கு ஆறு மாசம்?"

கடன், அப்பா, மதிப்பெண் எல்லாம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அதுவும் நெசந்தான்" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனா, அதை உங்க சாருகிட்ட சொன்னியா?" என்றார். நான் சொல்லவில்லை. பயத்தைக்கூட யோசனை என்று பெயர் மாற்றித்தான் அவரிடம் வைத்திருந்தேன்.

மறுநாள் பேராசிரியரிடம் போய், நுரைமேல் ஆசை இருக்கிறது, தேறாமற் போனால் வீட்டு நிலைமை இன்னது என்று உள்ளபடி சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஏரி முழுவதையும் விட்டு ஒரே ஒரு மதகை எடுத்துக்கொள்ளச் சொன்னார். முடிவு கிடைக்காவிட்டாலும் அளக்கும் முறையைச் சரிபார்த்து எழுதினால் அதுவும் ஆய்வேடாகும் என்றார். எடையை ஒத்து ஜோடி கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இப்போது ஆய்வுக்கூடத்தில் என் அலமாரியில் பன்னிரண்டு சீசாக்களில் கறுப்புச் சேறு இருக்கிறது. அலமாரியைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போகிறார்கள். முதல் அளவீடு தப்பாகப் போயிற்று. இரண்டாவது அதைவிடத் தப்பு. ஆனால் ஏன் தப்பாயிற்று என்று தெரிகிறது. துத்தநாகத்தில் இந்தச் சுகம் கிடைத்திராது.

மற்றது, கேரம் விஷயம். மைசூரிலிருந்து வந்த இரவே இஸ்திரி வண்டியருகே போய், "தம்பி, வா" என்றேன். சந்தே கூடிவிட்டது. இருபத்தைந்து புள்ளி ஆட்டம் மூன்று. முதல் ஆட்டத்தில் என்னை ஒன்பதில் நிறுத்திவிட்டான். இரண்டாவதை இழுத்துப் பறித்து நான் வென்றேன். மூன்றாவதில் சிவப்புக் காயைப் போட்டுப் பின் காயையும் போட்டு முடித்தான். கூச்சல் அடங்கியபின் பவுடரைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"அண்ணா, நாளைக்கும் வருவீங்களா?"

வருவேன் என்றேன். அன்று முதல் இரவு எட்டு மணிக்கு எனக்கு இடம் விட்டு யாரும் விலகுவதில்லை. என் இடத்தை ஒருவன் பிடித்து வைத்திருக்கிறான்.